வண்ண மீன் கடை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சிறுதொழில் பகுதிக்கு வந்த கடிதங்களில், அண்மையில் வண்ண மீன் கடை திறந்தவர்களும் திறக்க எண்ணுபவர்களும் எழுதியவற்றை மட்டும் இம்முறை எடுத்துக்கொண்டிருக்கிறோம். முதல் கடிதம் எழுப்பும் சிக்கல் பலருக்கும் பொதுவானது என்பதால் அதற்கே கூடுதல் இடம் அளிக்கப்பட்டுள்ளது.

கேள்வி: ஐயா, ஏழு மாதங்களுக்கு முன் 200 சதுர அடி இடத்தில் வண்ண மீன் கடை தொடங்கினேன். முப்பது தொட்டிகள், ஏறத்தாழ அறுபது வகை மீன்கள் வைத்திருக்கிறேன். சென்னை கொளத்தூரிலிருந்து ஆம்னி பேருந்தில் சரக்கு வருகிறது. முதல் இரண்டு மாதங்கள் நல்ல கூட்டம். பிறகு படிப்படியாகக் குறைந்து, இப்போது ஞாயிற்றுக்கிழமை மட்டுமே சொல்லும்படியான வியாபாரம் நடக்கிறது. பக்கத்துக் கடை காலியாகிறது. அதையும் வாடகைக்கு எடுத்து, கடல் மீன்களும் பறவைகளும் சேர்த்துக் கடையைப் பெரிதாக்கினால் கூட்டம் வரும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். செய்யலாமா? – கரூர் வாசகர்

பதில்: பக்கத்துக் கடையை இப்போதைக்கு எடுக்க வேண்டாம். உங்கள் கடிதத்தில் இடம் போதவில்லை என்பதற்கான அறிகுறி எதுவும் தென்படவில்லை. முதல் இரண்டு மாதங்களில் வந்தவர்கள் பிறகு ஏன் வரவில்லை என்பது தெரியாமல் கடையை இரட்டிப்பாக்கினால், வாடகையும் மின்கட்டணமும்தான் இரட்டிப்பாகும்.

அவர்கள் ஏன் வரவில்லை என்பதை ஓரளவு ஊகிக்க முடிகிறது. புதுக் கடையைப் பார்க்க வருகிற ஒரு குடும்பம், பிள்ளையின் பிடிவாதத்துக்கு இணங்கி, இரண்டடித் தொட்டி, கூழாங்கல், மோட்டார், பத்துப் பன்னிரண்டு மீன்கள் என்று எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்கிக்கொண்டு போகிறது. அன்று மாலையே குழாய்த் தண்ணீரை நிரப்பி மீன்களை விடுகிறார்கள். நான்காம் நாள் ஒன்று, ஆறாம் நாள் மூன்று என்று செத்து மிதக்கின்றன. இரண்டு வாரங்களில் தொட்டி காலியாகி, அடுத்த மாதம் பரணுக்குப் போய்விடுகிறது. இவர்களில் பெரும்பாலோர் கடைக்கு வந்து சண்டை போடுவதில்லை. 'நம் வீட்டுக்கு மீன் ராசியில்லை' என்று சொல்லிக்கொண்டு அத்துடன் விட்டுவிடுகிறார்கள். சண்டை போட்டிருந்தாலாவது உங்களுக்கு விவரம் தெரிந்திருக்கும்.

இங்கே ராசிக்கு வேலையில்லை. மீனின் கழிவிலிருந்தும், தின்னாமல் அடியில் தங்கும் தீனியிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. அதை முதலில் நைட்ரைட்டாகவும், பின்னர் நச்சுத்தன்மை மிகவும் குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பாக்டீரியாக்கள் ஃபில்டரின் பஞ்சிலும் கற்களிலும் குடியேறிப் பெருகுவதற்குப் பொதுவாக 4 முதல் 6 வாரங்கள் பிடிக்கும். புதுத் தொட்டியில் அவை இல்லாத நிலையில் பன்னிரண்டு மீன்களை விட்டால், அந்த மீன்கள் தம் கழிவிலேயே மூச்சுத் திணறிச் சாகின்றன. போதாக்குறைக்கு, தண்ணீர் கலங்கலாகத் தெரிகிறது என்று வீட்டில் இருப்பவர்கள் மூன்றாம் நாளே தொட்டியைக் கவிழ்த்து, பஞ்சைக் குழாயடியில் பிழிந்து கழுவிவிடுவார்கள். அப்போதுதான் குடியேறத் தொடங்கிய பாக்டீரியாக்களும் போய்விடும்.

எனவே, தொட்டி வாங்குகிறவருக்கு அன்றே மீன் விற்பதை நிறுத்துங்கள். தொட்டியை நிரப்பி ஃபில்டரை ஓடவிடச் சொல்லி, ஒரு வாரம் கழித்து வரச் சொல்லுங்கள். அப்போதும் நான்கு மீன்களுக்கு மேல் கொடுக்க வேண்டாம். கையில் பணத்துடன் நிற்பவரைத் திருப்பி அனுப்புவது எளிதன்று என்பது தெரியும். அதற்கும் ஒரு வழி உண்டு. உங்கள் முப்பது தொட்டிகளில் நோயில்லாமல் நன்றாக ஓடுகிற நான்கைந்தில், தேவைக்கு மேல் இரண்டிரண்டு ஸ்பாஞ்ச் ஃபில்டர்களை எப்போதும் ஓடவிட்டு வையுங்கள். ஒரு மாதம் அப்படி ஓடிய ஃபில்டரில் பாக்டீரியாக்கள் நிறைந்திருக்கும். புதுத் தொட்டி வாங்குகிறவர் மீன் எடுக்க வரும் நாளில், அந்தப் பழகிய ஃபில்டரை ஈரம் காயாமல் பையில் போட்டுக் கொடுத்துவிட்டு, அதன் இடத்தில் புதியதைப் போட்டுக்கொள்ளுங்கள். இணையத்தில் எவ்வளவு மலிவாக விற்றாலும் இந்தப் பொருளை யாராலும் அனுப்பி வைக்க முடியாது.

அடுத்தது சரக்கு. இருநூறு சதுர அடிக் கடைக்கு அறுபது வகை மிக அதிகம். வகை கூடக் கூட, ஒவ்வொன்றிலும் ஐந்தாறு மீன்களே இருக்கும். பொருந்தாதவற்றை ஒரே தொட்டியில் அடைக்க வேண்டி வரும். எது விற்கிறது, எது சாகிறது என்பது கண்ணில் படாது. கப்பி, மோலி, பிளாட்டி, ஸ்வார்டு டெயில், ஏஞ்சல், சில டெட்ராக்கள், சில பார்ப்கள், ஃபைட்டர், கோல்டு ஃபிஷ் என்று இருபது இருபத்தைந்து வகைகளுக்குள் நின்று, அவற்றை எப்போது வந்தாலும் நல்ல நிலையில் பார்க்கும்படி வைத்திருப்பது போதும். அரிதானது வேண்டும் என்பவருக்கு முன்பணம் வாங்கிக்கொண்டு வரவழைத்துக் கொடுக்கலாம்.

சாகிற மீன்களுக்கு ஒரு நோட்டுப் போடுங்கள். கணக்கை ஒரு முறை காகிதத்தில் எழுதிப் பார்த்தால் இதன் அருமை விளங்கும். எடுத்துக்காட்டாக, நூறு மீன்களைப் பத்து ரூபாய் வீதம் வாங்கி, பார்சல் செலவாக இருநூறு ரூபாய் கொடுத்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முதலீடு 1,200 ரூபாய். இருபத்தைந்து மீன்கள் செத்து, மீதமுள்ள எழுபத்தைந்தை இருபத்தைந்து ரூபாய் வீதம் விற்றால் வருவது 1,875 ரூபாய், மிஞ்சுவது 675. பத்து மீன்கள் மட்டும் செத்தால் வருவது 2,250 ரூபாய், மிஞ்சுவது 1,050. ஒரு வாடிக்கையாளர்கூடப் புதிதாக வராமல், விலையை ஒரு ரூபாய்கூட உயர்த்தாமல், லாபம் ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகிவிடுகிறது. சரக்கு வந்த நாள், வகை, எந்த மொத்த வியாபாரியிடமிருந்து வந்தது, முதல் பத்து நாளில் எத்தனை செத்தன என்ற நான்கே நான்கு கட்டங்கள் போதும். மூன்று மாதம் எழுதினால், யாரிடம் எந்த மீனை வாங்கக் கூடாது என்பதை அந்த நோட்டே சொல்லிவிடும்.

சரக்கு இறக்கும் முறையிலும் பலர் இழக்கிறார்கள். இரவெல்லாம் பயணம் செய்து விடியற்காலையில் வந்து சேரும் தெர்மாகோல் பெட்டியைத் திறந்ததும், பையை அவிழ்த்து வைத்துவிட்டு, அரை மணி நேரத்துக்கு ஒரு முறை தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிப் பழக்குவது வழக்கம். பக்கத்துத் தெருவிலிருந்து வந்த மீனுக்கு அது சரி. பத்துப் பன்னிரண்டு மணி நேரம் மூடிய பையில் இருந்த மீனுக்கு அது ஆபத்து. மூடிய பைக்குள் மீன் விடும் கரியமில வாயு தண்ணீரில் கரைந்து, அதன் அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவைக் குறைத்துவிடுகிறது. அந்த நிலையில், சேர்ந்துவிட்ட அம்மோனியாவின் பெரும்பகுதி அதிகம் தீங்கு செய்யாத அம்மோனியம் வடிவில் இருக்கும். பையை அவிழ்த்தவுடன் கரியமில வாயு வெளியேறி, பி.எச். ஏறி, அதே அம்மோனியா நச்சாக மாறத் தொடங்கிவிடும். ஆகவே, பையை அவிழ்க்காமல் பதினைந்து இருபது நிமிடங்கள் தொட்டியில் மிதக்கவிட்டு வெப்பநிலையைச் சமப்படுத்துங்கள். பிறகு அவிழ்த்தவுடன், தொட்டித் தண்ணீரைச் சிறிது சேர்த்து, சில நிமிடங்களுக்குள் மீன்களை வலையால் எடுத்துத் தொட்டியில் விட்டுவிட வேண்டும். பைத் தண்ணீர் ஒரு சொட்டும் தொட்டிக்குள் போகக் கூடாது. அன்று முழுவதும் விளக்கு வேண்டாம், தீனியும் வேண்டாம். ஏற்றுவதற்கு முதல் நாள் மீனுக்குத் தீனி நிறுத்தும்படி மொத்த வியாபாரியிடம் சொல்லி வைப்பது இன்னும் நல்லது.

முப்பதில் ஆறு தொட்டிகளைப் பின்பக்கம் ஒதுக்கி, புதுச் சரக்கை இரண்டு வாரங்கள் அங்கே வைத்திருந்து பிறகே விற்பனைக்குக் கொண்டுவாருங்கள். அவற்றுக்கு வலை, வாளி, குழாய் எல்லாம் தனியாக இருக்க வேண்டும். தண்ணீரும் மற்றத் தொட்டிகளோடு கலக்கக் கூடாது. ஒயிட் ஸ்பாட் என்று நாம் சொல்கிற வெள்ளைப் புள்ளி நோய், ஒரு வலையின் ஈரத்திலேயே அடுத்த தொட்டிக்குப் போய்விடும். புது மீன் எப்போது விற்பனைக்கு வரும் என்று பலகையில் எழுதி வைத்தால், காத்திருந்து வருகிறவர்கள் உண்டு. வாட்ஸ்அப்பில் படம் போடுவதாக இருந்தால், மொத்த வியாபாரி அனுப்பிய படத்தைப் போடாமல், உங்கள் தொட்டியில் நீந்துவதையே எடுத்துப் போடுங்கள்.

பறவை, கடல் மீன் பற்றிக் கேட்டீர்கள். பறவை, முயல், நாய்க்குட்டி போன்றவற்றை விற்க 2018ஆம் ஆண்டின் செல்லப்பிராணிக் கடை விதிகளின்படி மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். அவற்றைப் பராமரிக்கும் வேலையும் முற்றிலும் வேறு. நம் ஊர்ப் பச்சைக்கிளி, முனியா, நட்சத்திர ஆமை ஆகியவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருபவை. கேட்டுக்கொண்டு வருகிறவர் எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும் மறுத்துவிடுங்கள். கடல் மீனுக்கு ஆர்.ஓ. தண்ணீர், கடல் உப்பு, நம் கோடையில் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் என்று செலவு நீளும். கடற்குதிரையும் பவளப்பாறையும் அதே சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை என்பதால், பவளப்பாறைத் துண்டை 'உயிருள்ள கல்' என்று எவராவது கொண்டுவந்து கொடுத்தாலும் வாங்கி வைக்காதீர்கள். நன்னீர் மீன் கடையை ஓராண்டு ஒழுங்காக நடத்திவிட்டு, நோட்டைப் புரட்டிப் பார்த்தபின் பக்கத்துக் கடையைப் பற்றி யோசிக்கலாம். அதற்குள் அது வேறொருவருக்குப் போய்விட்டால் போகட்டும்.

கேள்வி: என் கடையில் 450 ரூபாய்க்கு விற்கும் ஃபில்டரை, வாடிக்கையாளர் என் எதிரிலேயே கைபேசியில் தேடி, 320 ரூபாய்க்குக் கிடைக்கிறது என்று காட்டிவிட்டுப் போகிறார். எப்படிச் சமாளிப்பது? – திருப்பூர் வாசகர்

பதில்: அந்த ஃபில்டரை அந்த விலைக்கு உங்களால் விற்க முடியாது, முயலவும் வேண்டாம். அதே சமயம், அந்த ஃபில்டர் ஞாயிற்றுக்கிழமை இரவு எட்டு மணிக்கு நின்றுபோனால் அவர் எங்கே போவார் என்று யோசியுங்கள். ஃபில்டருக்குள் சுழலும் இம்பெல்லர், ரப்பர் உறிஞ்சி, ஏர் பம்ப்பின் ரப்பர் தகடு, காற்றுக் குழாய், காற்றுக் கல், மாற்றுப் பஞ்சு, ஒழுகும் தொட்டிக்குச் சிலிகான் என்று உதிரிப் பொருள்களை ஒரு தட்டு நிறைய வைத்திருங்கள். இணையத்தில் வாங்கியதையும் முகம் சுளிக்காமல் பழுது பார்த்துக் கொடுங்கள். 320 ரூபாய்க்கு வெளியே வாங்கியவர், அதே கையோடு உங்களிடம் மீனும் தீனியும் வாங்குகிறவராகத்தான் இருப்பார்.

தீனியைப் பெரிய பொட்டலமாக வாங்கிச் சிறு சிறு பைகளில் கட்டி விற்பது பல கடைகளில் வழக்கமாக இருக்கிறது. காற்றும் ஈரமும் பட்டால் தீனியின் சத்து குறைந்து, பூஞ்சையும் பிடிக்கும். அப்படி விற்பதாக இருந்தால் ஒரு மாதத்தில் தீர்ந்துவிடும் அளவுக்கே கட்டுங்கள், கட்டிய தேதியையும் எழுதுங்கள். உயிர் மீனுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, தொட்டி, மோட்டார், விளக்கு போன்ற பொருள்களுக்கு உண்டு. இரண்டையும் ஒரே சீட்டில் குறித்துவைத்தால் ஆண்டு இறுதியில் எது எவ்வளவு விற்றது என்பதே தெரியாமல் போகும். கொள்முதல் ரசீதுகளையும் விற்பனையையும் தொடக்கத்திலிருந்தே தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கடையில் போர் தண்ணீர்தான். டி.டி.எஸ். மீட்டரில் 1,100 காட்டுகிறது. நியான் டெட்ராவும் டிஸ்கஸும் வந்த வேகத்தில் செத்துப்போகின்றன. கப்பியும் மோலியும் நன்றாக இருக்கின்றன. என்ன செய்வது? – வேலூர் வாசகர்

பதில்: உங்கள் கேள்விக்குள்ளேயே பாதி விடை இருக்கிறது. நியான் டெட்ராவும் டிஸ்கஸும் தென் அமெரிக்காவின் அமேசான் ஆற்றுப் பகுதியைச் சேர்ந்தவை. அங்கே தண்ணீர் மென்மையாகவும் சற்று அமிலத்தன்மையோடும் இருக்கும். கப்பி, மோலி, பிளாட்டி, ஸ்வார்டு டெயில் ஆகியவை, சுண்ணாம்பு போன்ற தாதுக்கள் மிகுந்த கடினத் தண்ணீரைத் தாங்குவதோடு, அதில் செழிக்கவும் செய்யும். ஆப்பிரிக்காவின் மலாவி, தங்கனிகா ஏரிகளைச் சேர்ந்த சிச்லிட் மீன்களும் கடினமான, காரத்தன்மையுள்ள தண்ணீருக்கே பழகியவை. உங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு இதே போர் தண்ணீர்தான் என்றால், கடையில் ஆர்.ஓ. தண்ணீரில் நியானைப் பிழைக்க வைத்து விற்றாலும் அது வாங்குகிறவர் வீட்டில் சாகும். ஊர்த் தண்ணீருக்கு ஏற்ற மீன்களை முன்வரிசையில் வைத்து, அவற்றில் நல்ல ரகங்களைச் சேர்ப்பதே உங்களுக்கு லாபம்.

டி.டி.எஸ். மீட்டர் தண்ணீரில் கரைந்தவற்றின் மொத்த அளவை மட்டுமே காட்டும். அது சுண்ணாம்பா, சாதாரண உப்பா என்று சொல்லாது. கடினத்தன்மையை அளக்கும் சொட்டு மருந்துச் சோதனையை ஒரு முறையாவது செய்து பாருங்கள். உப்புதான் மிகுதி என்றால் மோலி தாங்கும்; ஆனால் சிச்லிட்டுக்கு அந்தத் தண்ணீர் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. டெட்ரா கேட்டு வருகிறவர்களுக்காக ஓரிரு தொட்டிகள் வைக்க விரும்பினால், மூன்று பங்கு ஆர்.ஓ. தண்ணீருக்கு ஒரு பங்கு போர் தண்ணீர் கலக்கலாம். ஆர்.ஓ. தண்ணீர் 50 காட்டினால் கலவை ஏறத்தாழ 310 காட்டும். ஆர்.ஓ. தண்ணீரைத் தனியாக ஊற்றக் கூடாது; அதில் தாதுக்கள் இல்லாததால் பி.எச். நிலையாக நிற்காது. வாங்குகிறவருக்கும் இதே கலவையை எழுதிக் கொடுங்கள்.

நகராட்சிக் குழாய்த் தண்ணீர் பயன்படுத்துகிற மற்ற வாசகர்களுக்கு: அதிலுள்ள குளோரின் மீனின் செவுளைப் பாதிக்கும், நல்ல பாக்டீரியாக்களையும் கொல்லும். ஒரு நாள் முழுவதும் காற்றுக் கல் போட்டு வைத்திருந்தோ, கடைகளில் ஆன்டி குளோரின் என்று விற்கப்படும் சோடியம் தயோசல்ஃபேட்டைக் கரைத்தோ பயன்படுத்த வேண்டும்.

கேள்வி: வீட்டு மாடியில் கப்பி வளர்க்கிறேன். எங்கள் ஊரில் புதிதாக இரண்டு மீன் கடைகள் திறந்திருக்கிறார்கள். அவர்களுக்குக் கொடுத்து வருமானம் பார்க்க முடியுமா? அரசு உதவி உண்டா? – நாகர்கோவில் வாசகி

பதில்: முடியும். புதிய கடைக்காரர்களுக்கும் உங்களைப் போன்றவர்கள் தேவை. தொலைவிலிருந்து பெட்டியில் வருகிற மீனைவிட, அதே ஊர்த் தண்ணீரில் பிறந்து வளர்ந்து, ஸ்கூட்டரில் பத்து நிமிடத்தில் கடைக்கு வருகிற மீன் குறைவாகவே சாகும். கரூர் வாசகரும் தம் ஊரில் இப்படி ஒருவரைத் தேடிப் பிடிப்பது நல்லது.

கப்பி ஏறத்தாழ நான்கு வாரங்களுக்கு ஒரு முறை குஞ்சு போடும். தாய் மீனே குஞ்சுகளைத் தின்றுவிடும் என்பதால் பிரித்து வைக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். கடைக்குக் கொடுக்கும்போது கவனிக்க வேண்டியது ரகத் தூய்மை. எல்லா நிறங்களையும் ஒரே தொட்டியில் விட்டால் சில தலைமுறைகளில் சந்தை மதிப்பில்லாத கலப்பு மீன்களே மிஞ்சும். இரண்டு அல்லது மூன்று ரகங்களை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றையும் தனித் தொட்டியில் வளர்த்து, ஆண் பெண்ணை இளமையிலேயே பிரித்து, வாரந்தோறும் இன்ன கிழமை இத்தனை இணைகள் என்று உறுதியாகக் கொடுங்கள். ஒரு மாதம் இருநூறும் அடுத்த மாதம் ஒன்றுமில்லாமலும் இருப்பவரிடம் கடைக்காரர் நிலையாக வாங்க மாட்டார். பணத்தை அன்றன்றே வாங்கிவிடுங்கள். 'விற்றபின் தருகிறேன்' என்ற ஏற்பாட்டில் செத்த மீனின் இழப்பு முழுவதும் உங்கள் தலையில் விழும்.

2020இல் தொடங்கப்பட்ட பிரதம மந்திரியின் மீன்வள மேம்பாட்டுத் திட்டத்தில், புறக்கடை அலங்கார மீன் வளர்ப்பு அலகு ஒன்றுக்கு 3 லட்சம் ரூபாய் என்று மதிப்பிடப்பட்டு, அதில் பொதுப் பிரிவினருக்கு 40 விழுக்காடும், பெண்களுக்கும் பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கும் 60 விழுக்காடும் மானியமாக வரையறுக்கப்பட்டது. இவ்வாண்டு உங்கள் மாவட்டத்துக்கு எத்தனை அலகுகள் ஒதுக்கப்பட்டுள்ளன என்பதை மீன்வளத்துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில் நேரில் கேளுங்கள். மானியம் பொதுவாக வேலை முடிந்து ஆய்வு செய்தபின் வருவது என்பதால், அதை நம்பி வட்டிக்குக் கடன் வாங்கித் தொட்டி கட்டிவிட வேண்டாம். நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்நாடு டாக்டர் ஜெ.ஜெயலலிதா மீன்வளப் பல்கலைக்கழகத்தின் மையங்களிலும், அதன் உறுப்பான தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியிலும் அலங்கார மீன் வளர்ப்புப் பயிற்சிகள் நடத்தப்படுவதுண்டு. தூத்துக்குடி உங்களுக்கு அருகில்தான்.

கேள்வி: பல் மருத்துவமனை ஒன்றில் நான்கடித் தொட்டி வைத்து, மாதந்தோறும் பராமரிக்கக் கேட்கிறார்கள். என்ன கட்டணம் வாங்கலாம்? என்ன எழுதிக்கொள்ள வேண்டும்? – தஞ்சாவூர் வாசகர்

பதில்: புதிய கடைக்கு இதைவிட நல்ல வருமானம் அரிது. மழைக்காலமோ ஆடி மாதமோ, மாதம் பிறந்தால் வரும் பணம் இது. ஐந்தாறு இடங்கள் கிடைத்தால் கடை வாடகை அதிலேயே கழிந்துவிடும்.

கட்டணத்தை மீன் விலையோடு கலக்காதீர்கள். போய்வரும் நேரம், ஆள் கூலி, மருந்து, பஞ்சு ஆகியவற்றை மட்டும் கணக்கிட்டு மாதத் தொகையாகச் சொல்லி, மீன் மாற்றினால் அது தனி என்று எழுதிக் கொடுங்கள். மாதத்தில் எத்தனை முறை வருவீர்கள், ஒரு முறைக்கு எவ்வளவு தண்ணீர் மாற்றுவீர்கள், மின்தடையாலோ அலுவலக ஊழியர் அள்ளிப் போட்ட தீனியாலோ மீன் செத்தால் யார் பொறுப்பு என்ற மூன்றும் தாளில் இருக்க வேண்டும். தீனி போடும் பொறுப்பை அங்கே ஒரே ஒருவரிடம் ஒப்படைக்கச் சொல்லுங்கள். காலையில் வரவேற்பாளர், மதியம் செவிலியர், மாலையில் காத்திருக்கும் குழந்தைகள் என்று ஆளாளுக்குப் போட்டால் எந்த ஃபில்டரும் தாங்காது. ஏழு சிறு டப்பாக்களில் ஒரு வாரத் தீனியை அளந்து வைத்துவிட்டு வருவது நல்ல உத்தி.

ஒரு முறைக்குக் கால் பங்குக்கு மேல் தண்ணீர் மாற்ற வேண்டாம். பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசுங்கள். ஓரிடத்தில் பயன்படுத்திய வலையையும் குழாயையும் கழுவிக் காயவைக்காமல் அடுத்த இடத்துக்குக் கொண்டு போகாதீர்கள்.

கேள்வி: வாடிக்கையாளர்கள் பெரிதாகிவிட்ட சக்கர் மீனையும் ஷார்க்கையும் கொண்டுவந்து, திரும்ப எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். வாங்கினால் என்னிடம் இடமில்லை. மறுக்கலாமா? – திண்டுக்கல் வாசகர்

பதில்: மறுத்தால் அவை அருகிலுள்ள குளத்துக்குத்தான் போகும். 'தொட்டியைச் சுத்தம் செய்யும் மீன்' என்று விற்கப்பட்ட சக்கர் மீன், இப்படி விடப்பட்டே தமிழகத்தின் பல ஏரி குளங்களில் பெருகி, வலையைக் கிழிக்கும் தொல்லையாகி, மீனவர்களின் வருமானத்தைக் கெடுத்துக்கொண்டிருக்கிறது. ஆகவே திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். பணம் தர வேண்டியதில்லை. ஒரு பெரிய தொட்டியோ சிமென்ட் தொட்டியோ அதற்கென்று வைத்து, பெரிய தொட்டி உள்ளவர்களுக்குக் கொடுத்துவிடலாம்.

ஆனால் அடிப்படைக் கேள்வி, இரண்டடித் தொட்டிக்காரருக்கு அவற்றை ஏன் விற்றீர்கள் என்பதே. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் உள்ள தொட்டி விளிம்பு வரை நிரப்பினாலும் 57 லிட்டர்தான் பிடிக்கும். சக்கர் மீன் ஓரடியைத் தாண்டி வளரும். ஷார்க் என்ற பெயரில் கடைகளில் விற்கப்படுவது பெரும்பாலும் பங்காசியஸ் என்ற உணவு மீனின் குஞ்சு. அது மூன்றடியையும் தாண்டக் கூடியது. ஒவ்வொரு தொட்டியின் மேலும் விலையோடு சேர்த்து, அந்த மீன் எவ்வளவு வளரும் என்பதையும் எழுதி ஒட்டுங்கள். சில மீன்களின் விற்பனை குறையும், குறையட்டும்.

கேள்வி: எட்டுத் தங்க மீனும் ஒரு கறுப்பு மீனும் வைத்தால் செல்வம் சேரும் என்று கேட்டு வருகிறார்கள். கண்ணாடிக் கிண்ணத்தில் வைத்துத் தரச் சொல்கிறார்கள். என்ன சொல்வது? – சேலம் வாசகர்

பதில்: நம்பிக்கையைப் பற்றி வாதம் செய்ய வேண்டாம். கோல்டு ஃபிஷ் அதிகம் கழிவு விடும், நன்றாக வளரும் மீன். ஒன்பது மீன்களுக்குக் கிண்ணம் ஒரு வாரம்கூடத் தாங்காது என்பதை மட்டும் சொல்லுங்கள். ஒன்பதும் வேண்டும் என்பவருக்கு நான்கடித் தொட்டியும் நல்ல ஃபில்டரும் விற்கலாம். அவ்வளவு செலவு முடியாதவர்களுக்கு, சிறு தொட்டியில் எட்டுச் சிவப்பு பிளாட்டியும் ஒரு கறுப்பு மோலியும் கொடுக்கலாம். நிறக் கணக்கு சரியாக வரும், மீனும் பிழைக்கும். கிண்ணத்தை விற்பனையிலிருந்தே எடுத்துவிடுவது என் யோசனை.

கேள்வி: கோடையில் மின்தடை இரண்டு மூன்று மணி நேரம் நீடிக்கிறது. சென்ற ஆண்டு ஒரே இரவில் பாதிச் சரக்கு போய்விட்டது. ஜெனரேட்டர் வாங்கும் வசதி இல்லை. – இராமநாதபுரம் வாசகர்

பதில்: ஜெனரேட்டர் தேவையில்லை. தண்ணீர் சூடாக ஆக அதில் கரையும் ஆக்ஸிஜன் குறையும். 25 டிகிரியில் லிட்டருக்கு 8 மில்லி கிராமுக்குச் சற்று மேல் கரைவது, 32 டிகிரியில் 7.3 அளவுக்கு இறங்கிவிடும். அதே வெப்பத்தில் மீனின் தேவையோ கூடும். ஆகவே மார்ச் மாதத்திலிருந்தே தொட்டிக்கு மீன் எண்ணிக்கையை மூன்றில் ஒரு பங்காவது குறைத்து, சரக்கைச் சிறு சிறு தவணைகளாக வாங்குங்கள். கடை முழுவதற்கும் காற்றை மோட்டார் ஒன்றிலிருந்து குழாயில் எடுத்து, அந்த ஒன்றை மட்டும் இன்வெர்ட்டரில் இணைத்தால் செலவு அதிகம் ஆகாது; விளக்குகளையும், தொட்டி விளிம்பில் தொங்கும் ஹேங்கிங் ஃபில்டர்களையும் அதில் சேர்க்க வேண்டாம். அதுவும் இயலாவிட்டால், மின்சாரம் போனதும் தானாக ஓடத் தொடங்கும் பேட்டரி ஏர் பம்ப்கள் கிடைக்கின்றன. மீன் நெருக்கமாக உள்ள தொட்டிகளுக்கு மட்டுமாவது அவற்றைப் பொருத்துங்கள்.

கோடையில் கடை அடைப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பே கடைசித் தீனியைக் கொடுத்து முடித்து, மிஞ்சியதை உறிஞ்சி எடுத்துவிடுங்கள். மூடிகளைத் திறந்து வைப்பதாக இருந்தால் தண்ணீர் மட்டத்தை ஓரங்குலம் குறைத்து வையுங்கள், மீன் துள்ளி விழும் வாய்ப்பு குறையும். பகலில் தண்ணீரின் மேற்பரப்பில் மேசை விசிறிக் காற்று படும்படி வைத்தாலே வெப்பம் குறையும். ஐஸ் கட்டியைக் கொட்டிச் சட்டென்று குளிர்விக்காதீர்கள். நீண்ட மின்தடைக்குப் பிறகு மின்சாரம் வந்ததும், குப்பி வடிவ ஃபில்டர்களை அப்படியே ஓடவிடாமல், உள்ளே தேங்கிக் கெட்டுப்போன தண்ணீரைக் கொட்டிவிட்டு ஓடவிடுங்கள். இரவில் கடைக்குள் யாரும் இல்லாததால், மின்சாரம் போனால் கைபேசிக்குத் தகவல் அனுப்பும் சிறு கருவி ஒன்றைப் பொருத்திக்கொள்ளலாம். கடைக்கு மேலேயோ எதிரிலோ குடியிருக்கும் ஒருவரிடம் சாவி கொடுத்து வைக்க முடிந்தால் அது கருவியைவிட நம்பகமானது.